ஒரு தொகுப்பானுக்கு முகம் வைத்த கதை

இணைப்பில் இருக்கும் நண்பர்களில் சிலருக்கு இப்போது அதிகாலை, சிலருக்கு நள்ளிரவு. ஆகவே அதிகம் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எழுதுகருவி எழுத்தை மாற்றும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்காமல் எழுதினார்கள். அந்தச் சுவடிகளை வைத்துக்கொண்டு பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு உ.வே.சா.வைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஓலையைப் பற்றியும் அச்சைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் இன்று நாம் எழுதுவது கணினித் திரையில். அந்தத் திரைக்குள் எழுத்தைத் தாங்கி நிற்கும் நிரலைப் பற்றி இலக்கியக் கூட்டங்களில் பேச்சே எழுவதில்லை. அதற்குத் தொகுப்பான் என்று பெயர், டெக்ஸ்ட் எடிட்டர். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பங்காளிச் சண்டையும் பாகப்பிரிவினையும்கூட இருக்கின்றன.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஈமாக்ஸ் என்ற தொகுப்பான். ஏறத்தாழ ஐம்பது வயதாகிறது, இன்னும் புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. மவுஸ், மெனு, பல வண்ணம், பல எழுத்துரு, படம் என்று இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிற வசதிகள் எதுவும் பரவலாக இல்லாத காலத்தில் பிறந்தது. அவற்றை அதற்குள் கொண்டுவர முயன்றபோது அந்தச் சமூகமே இரண்டாக உடைந்தது. ஒரு கருவிப்பட்டைக்காகவா இவ்வளவு என்று முதலில் தோன்றும்.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம். அங்கே டீகோ என்றொரு தொகுப்பானை வைத்து வேலை செய்துவந்தார்கள். அதில் நீங்கள் திருத்துகிற பக்கம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இந்த வரியை நீக்கு, அந்தச் சொல்லைச் சேர் என்று கட்டளைகளைத் தட்டிவிட்டு, இப்போது காட்டு என்று கேட்டால் காட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு மெய்ப்புத் திருத்துவதுபோல. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் ஸ்டான்ஃபர்ட் ஆய்வகத்துக்குப் போனபோது அங்கிருந்த ஈ என்ற தொகுப்பானைப் பார்த்தார். ஒற்றை எழுத்துத்தான் அதன் பெயர். அதில் தட்டத் தட்டத் திரையில் எழுத்து மாறியது. திரும்பி வந்து டீகோவிலும் அப்படி ஒரு முறையை வளர்த்தெடுத்தார். அதன்மேல் ஆளாளுக்குக் குறுநிரல்கள் எழுதிக் குவிக்க, 1976ல் கை ஸ்டீல் போன்றவர்களோடு சேர்ந்து அவற்றை ஒழுங்குபடுத்தியபோது பிறந்ததுதான் ஈமாக்ஸ்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னாளில் ஈமாக்ஸைப் பழைய பாணிக்காரர்களின் கோட்டை என்று கேலி செய்தார்கள். ஆனால் அது பிறந்ததே அன்றைய நவீன இடைமுகம் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டதால்தான். எழுதுவது எழுதும்போதே தெரிய வேண்டும் என்பதுதான் அந்த ஆசை.

1981ல் ஜேம்ஸ் காஸ்லிங் யூனிக்ஸ் கணினிகளுக்காகத் தனியாக ஒரு ஈமாக்ஸ் எழுதினார். பின்னால் ஜாவா மொழியை உருவாக்கிய அதே காஸ்லிங்தான். முதலில் தாராளமாகப் பகிரப்பட்ட அந்த நிரல் பிறகு யூனிபிரஸ் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஸ்டால்மன் 1984ல் தன் க்னூ திட்டத்துக்காகப் புதிய ஈமாக்ஸை எழுதத் தொடங்கியபோது அந்த நிரலின் சில பகுதிகளைப் பயன்படுத்தியிருந்தார். யூனிபிரஸ் ஆட்சேபித்தது. அந்தப் பகுதிகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு மாற்று எழுத வேண்டியதாயிற்று. யார் எழுதியது, யாருக்கு உரிமை என்று காகிதத்தில் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு உறைத்தது அப்போதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை மறுபடியும் இங்கே வந்து முட்டும்.

1984ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஆப்பிள் நிறுவனம் மேக்கின்டாஷ் கணினியை வெளியிட்டது. எம்ஐடியில் எக்ஸ் என்ற சாளர அமைப்பு பிறந்தது. யூனிக்ஸ் கணினிகளின் திரையில் பல சன்னல்களைத் திறந்து மவுஸால் சுட்டுவதற்கான அடித்தளம் அது. 1987க்குள் அது பதினோராவது பதிப்புக்கு வந்துவிட்டது. அதே 1987ல் பரவலாகப் புழங்கத் தொடங்கிய ஈமாக்ஸ் 18ஆம் பதிப்புக்கு எக்ஸ் திரையில் ஓடத் தெரியும். அவ்வளவுதான். ஒரே ஒரு சன்னல், ஒரே எழுத்துரு, பெயருக்கு மவுஸ். பழைய டெர்மினலைத் தூக்கிப் புதிய வீட்டின் கூடத்தில் வைத்த மாதிரி.

பொறுமையில்லாதவர்கள் தாங்களே செய்து பார்த்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எபோக் என்றொரு மாற்றுப் பதிப்பு உருவானது. பல சன்னல்கள், வண்ணங்கள் எல்லாம் அதில் வந்தன. எல்லோரும் எதிர்பார்த்தது ஸ்டால்மனின் 19ஆம் பதிப்பை. அதில் முகம் முழுக்கப் புதிதாக இருக்கும் என்றார்கள். ஆண்டுகள் போயின, வரவில்லை.

இங்கேதான் லூசிட் நிறுவனம் வருகிறது. கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் 1984ல் தொடங்கப்பட்டது. நிறுவியவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் கேப்ரியல். அவரைப் பற்றி இந்த அவையில் கட்டாயம் ஒன்று சொல்ல வேண்டும். கணினி அறிவியலாளரான அவர் பின்னாளில் கவிதை எழுதுவதற்கென்றே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதுகலைப் பட்டம் பெற்றார். நிரலையும் கவிதையையும் ஒரே மேசையில் வைத்துப் பேசக்கூடிய மனிதர். லூசிட் முதலில் லிஸ்ப் மொழிக்கான கருவிகளை விற்றது. அந்தச் சந்தை சரிந்தபோது சி பிளஸ் பிளஸ் மொழிக்கான நிரலாக்கச் சூழல் ஒன்றை உருவாக்க முடிவு செய்தார்கள். எனர்ஜைஸ் என்று அதற்குப் பெயர்.

எனர்ஜைஸுக்குள் ஒரு தொகுப்பான் தேவைப்பட்டது. சொந்தமாக ஒன்று எழுதுவதைவிட, நிரலாளர்கள் ஏற்கெனவே நேசிக்கிற ஈமாக்ஸையே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்களின் கணக்கு. ஆனால் 18ஆம் பதிப்பு போதாது. நிரலில் ஒரு பிழை இருந்தால் அந்தச் சொல்லின்மேலேயே வண்ணம் ஏற வேண்டும், அதை மவுஸால் தொட்டால் மெனு விரிய வேண்டும். ஆகவே வரப்போகிற 19ஆம் பதிப்பின் வேலையில் கைகொடுத்து அதை விரைவாக முடிக்கப் பார்த்தார்கள். நடக்கவில்லை. லூசிட்டுக்கு விற்பனைத் தேதி இருந்தது, ஸ்டால்மனுக்கு இல்லை. கடைசியில் கையில் இருந்த வளர்ச்சிநிலை நிரலை எடுத்து, தாங்களே முடித்து, 1992 ஏப்ரலில் லூசிட் ஈமாக்ஸ் 19.0 என்று வெளியிட்டுவிட்டார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஜேமி ஸவின்ஸ்கி அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். பிறகு நெட்ஸ்கேப்பில் சேர்ந்து இணைய உலாவி எழுதியவர்களில் ஒருவர்.

பதிப்பு எண்ணைக் கவனித்தீர்களா? அண்ணன் வைத்திருந்த பெயரைத் தம்பி தன் பிள்ளைக்கு முந்திக்கொண்டு வைத்துவிட்டதுபோல. க்னூவின் சொந்த 19ஆம் பதிப்பு அதன்பிறகு பதின்மூன்று மாதம் கழித்து, 1993 மே மாதம்தான் பொதுமக்கள் கைக்கு வந்தது.

லூசிட் செய்ததில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. ஈமாக்ஸின் உரிமம் யாரும் அதை எடுத்து மாற்றிப் பகிரலாம் என்றே சொல்கிறது. அந்த உரிமத்தை எழுதியவரே ஸ்டால்மன்தான். ‘திறமூலம்’ என்ற பெயர் 1998ல்தான் வழக்குக்கு வந்தது. ஸ்டால்மன் இன்றுவரை அந்தப் பெயரை ஏற்காமல் ‘கட்டற்ற மென்பொருள்’ என்றே சொல்கிறவர். பெயர் எதுவாக இருந்தாலும், பிரிந்து போகும் உரிமை அதில் அடக்கம்.

பிரிந்தவர்கள் சேர்ந்திருக்கலாமே, லூசிட் செய்த நல்ல வேலையை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று அன்றும் பலர் கேட்டார்கள். சேர முடியாததற்கு இரண்டு காரணங்கள். இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் காரணம் வடிவமைப்பு. ஒரு சொல்லைச் சிவப்பாகக் காட்ட வேண்டும் என்று வையுங்கள். அந்தச் சிவப்பு எங்கே இருக்கிறது? சிவப்பு மையால் எழுதியதுபோல அந்த எழுத்துகளுக்குள்ளேயே இருக்கிறதா? அல்லது பக்கத்தின்மேல் ஒட்டிய சிவப்புக் கண்ணாடித் தாள்போல எழுத்துக்கு வெளியே இருக்கிறதா? படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்தச் சொல்லை வெட்டி எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டினால் வித்தியாசம் தெரியும். மை என்றால் சொல்லோடு சிவப்பும் வரும். கண்ணாடித் தாள் என்றால் சொல் மட்டும் வரும். லூசிட்காரர்கள் தாள் வகையில் ஒரே ஒரு பொருளை வைத்து எல்லாத் தேவையையும் சமாளிக்கலாம் என்றார்கள். ஸ்டால்மன் மை வேறு, தாள் வேறு, இரண்டும் தனித்தனியாக வேண்டும் என்றார். இரு பக்கமும் தத்தம் வழியில் ஆயிரக்கணக்கான வரிகள் எழுதிவிட்டார்கள். அதற்குமேல் ஒட்டுப்போட முடியாது.

என்னைக் கேட்டால் இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை. அடிக்கோடு பிரதியின் பகுதியா, வாசகனின் குறிப்பா என்று சுவடிப் பதிப்பாசிரியர் கேட்கிற கேள்விதான் இது. இடைச்செருகல் விவாதம் நமக்குப் புதிதா என்ன?

இரண்டாவது காரணம் காகிதம். ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, ஈமாக்ஸுக்கு நிரல் தருகிறவர்கள் அதன் பதிப்புரிமையை அறக்கட்டளைக்கு எழுதித் தர வேண்டும் என்று கேட்கும். நாளை யாராவது உரிமத்தை மீறினால் நீதிமன்றத்தில் நிற்பதற்கு அது தேவை என்பது அவர்களின் வாதம். காஸ்லிங் நிரலால் பட்ட சூடு இருக்கிறதே. லூசிட் ஈமாக்ஸிலும் அதன் வாரிசிலும் பல கைகள் எழுதியிருந்தன. எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது நடக்கிற காரியமாக இல்லை. ஆகவே நல்ல நிரல் கண்ணெதிரே இருந்தும் க்னூ ஈமாக்ஸ் அதைத் தொட மறுத்தது. எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் எழுதியவர் யாரென்று தெரியாவிட்டால் பதிப்பிக்க மாட்டேன் என்கிற பதிப்பகம்போல.

இதில் யார் பக்கம் நியாயம்? ஸவின்ஸ்கியும் கேப்ரியலும் தங்கள் தரப்பை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்டால்மனும் எழுதியிருக்கிறார். படித்துப் பார்த்தால், வேலை செய்கிறவனின் அவசரம் லூசிட் பக்கத்திலும், சொத்தைக் காக்கிறவனின் சந்தேகம் ஸ்டால்மன் பக்கத்திலும் தெரிகின்றன. பயனர்கள் நெடுங்காலம் காத்திருந்தார்கள் என்பதை ஸ்டால்மன் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பது என் எண்ணம்.

1994ல் லூசிட் நிறுவனம் நொடித்துப்போனது. வழக்கமாக நிறுவனம் செத்தால் அதன் மென்பொருளும் சாகும். இது சாகவில்லை. சன் நிறுவனமும் இல்லினாய்க்காரர்களும் ஏற்கெனவே கைகோத்திருந்தார்கள். அதே ஆண்டு பெயரை எக்ஸ்-ஈமாக்ஸ் என்று மாற்றி நடத்தினார்கள். பெயரைப் பார்த்து எக்ஸ் திரையில் மட்டும் ஓடுவது என்று நினைத்துவிடக் கூடாது. சாதாரண டெர்மினலிலும், பிறகு விண்டோஸிலும்கூட ஓடியது. 1995லேயே அதில் படம் போட்ட பொத்தான்களோடு கருவிப்பட்டை வந்துவிட்டது. க்னூ ஈமாக்ஸில் அது வர இன்னும் ஆறு ஆண்டு இருந்தது.

அந்த இடைக்காலத்தில் அதிகம் கஷ்டப்பட்டவர்கள் நடுவில் நின்றவர்கள். ஈமாக்ஸுக்கென்று அஞ்சல் படிக்கிற நிரல், நாட்காட்டி நிரல் எழுதியவர்கள் ஒவ்வொன்றிலும் ‘இது க்னூவா, எக்ஸா’ என்று சோதித்து, இரண்டுக்கும் தனித்தனி வழி எழுத வேண்டியிருந்தது. பிரிந்த குடும்பத்தின் கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களின் பெயரையும் வரிசை பிசகாமல் போடுகிற வேலை அது.

சொற்களிலும் ஒரு சிக்கல் வந்தது. 1970களிலேயே ஈமாக்ஸ் திரையை மேலும் கீழுமாகப் பிரித்து இரண்டு கோப்புகளைக் காட்டும். அந்தத் துண்டுகளுக்குச் ‘சாளரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மேக்கின்டாஷும் எக்ஸும் வந்து உலகமே வேறொன்றைச் சாளரம் என்று அழைக்கத் தொடங்கியது. பட்டம் வைத்து இழுக்கக்கூடிய, மூடக்கூடிய முழு சன்னலை. ஈமாக்ஸ் தன் பழைய சொல்லை விட்டுத்தரவில்லை. புதிதாக வந்ததற்கு வேறு சொல் தேடியது. லூசிட் அதைத் ‘திரை’ என்றது. க்னூ ‘சட்டகம்’ என்றது. பிறகு எக்ஸ்-ஈமாக்ஸும் சட்டகத்துக்கே மாறிக்கொண்டது. இன்றும் புதிதாக வருகிறவர் கையேட்டைத் திறந்தால் சட்டகத்துக்குள் சாளரம் இருக்கும். மற்ற எல்லா இடத்திலும் அதன் பெயர் வேறு.

இதே கதைதான் வெட்டி ஒட்டுவதற்கும். ஈமாக்ஸில் வெட்டுவதைக் ‘கொல்வது’ என்பார்கள், ஒட்டுவதை ‘வெடுக்கென இழுப்பது’ என்பார்கள். அதன் பரம வைரியான வீஐ தொகுப்பானில் அதே ‘இழுப்பது’ என்றால் நகலெடுப்பது. நாம் எல்லோரும் பழகிய கண்ட்ரோல் விசையோடு எக்ஸ், சி, வி என்ற மூன்றும் ஈமாக்ஸில் வேறு வேலைக்கு முன்பே ஒதுக்கப்பட்டவை. அங்கே கோப்பைச் சேமிக்கும் வழக்கமான விசைக் கட்டளையே கண்ட்ரோல் எக்ஸில்தான் தொடங்குகிறது. சமரசமாக ஒரு துணைநிரல் வந்தது. உரையின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது மட்டும் அந்த விசைகள் வெட்டவும் நகலெடுக்கவும் செய்யும், மற்ற நேரத்தில் பழைய வேலையைப் பார்க்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் நீங்களே போய் இயக்கிக்கொள்ள வேண்டும், தானாக வராது.

இவையெல்லாம் மேல்பூச்சு. உண்மையான கஷ்டம் அடியில் இருந்தது. ஈமாக்ஸின் வயிற்றுக்குள் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது: திரை என்பது கட்டம் போட்ட கணக்கு நோட்டு. அகலத்தில் 80 கட்டம், உயரத்தில் 24 வரி, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. எங்கே கர்சரை வைப்பது, எங்கே வரியை மடிப்பது என்று எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான். பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு, நடுவில் ஒரு படம், அகலம் மாறும் எழுத்துரு என்றால் அந்தக் கணக்கு முழுதும் உடையும். மெனு சேர்ப்பது வீட்டுக்குத் திண்ணை கட்டுவது. இதுவோ அஸ்திவாரத்தை மாற்றுவது. அதுவும் குடியிருப்பவர்களைக் காலி செய்யாமல்.

கெர்ட் மெல்மான் என்ற ஜெர்மானியர் அந்தக் காட்சிப் பொறியைத் திரும்ப எழுதினார். 2001 அக்டோபரில் வந்த 21ஆம் பதிப்பு அதன் பலன். படங்கள், அகலம் மாறும் எழுத்துரு, கருவிப்பட்டை, மவுஸை நிறுத்தினால் தோன்றும் குறிப்பு எல்லாம் ஒரே பதிப்பில் வந்தன. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பொத்தான்கள்தான் தெரிந்தன.

கட்டம் உடைந்ததில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தமிழில் ‘ர’ ஒல்லி, ‘ஹௌ’ எவ்வளவு இடம் பிடிக்கிறது பாருங்கள். கணக்கு நோட்டில் தமிழ் அடங்காது. இன்னொன்று, யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்து சேமிக்கப்படும்போது முதலில் க, அடுத்து ஒகரக் குறி. திரையில் வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். அந்த வேலையைத் தொகுப்பான்தான் செய்தாக வேண்டும்.

1990களில் மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் போன்ற புலம்பெயர் தமிழர்கள் கணினித் தமிழுக்கு வழி கண்டபோது பலரும் எடுத்த பாதை வேறு. திஸ்கி போன்ற குறியேற்றங்களில் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தார்கள். அப்படிச் செய்ததால் எந்தச் சாதாரணத் தொகுப்பானிலும் எழுத்துருவை மட்டும் மாற்றித் தமிழ் எழுத முடிந்தது. 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்க கால மின்னூல்கள் அப்படித்தான் வந்தன. அன்றைய நிலையில் அது மிகச் சரியான முடிவு. தொகுப்பான்கள் நமக்காக மாறும் என்று காத்திருந்தால் பல ஆண்டு போயிருக்கும். யூனிகோடுக்கு நகர்ந்தபோது சுமை எழுத்துருவிலிருந்து தொகுப்பானுக்கு மாறியது. அதன்பின் ஒரு தொகுப்பானின் காட்சிப் பொறி எப்படி இருக்கிறது என்பது தமிழனின் கவலையும் ஆயிற்று.

ஈமாக்ஸில் அந்தக் கவலையைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஜப்பானியர்கள். சுகுபா நகரின் மின்னணுத் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஹாண்டா கென்-இச்சியும் நண்பர்களும் முதலில் ஜப்பானிய மொழிக்காகவும் பிறகு பல மொழிகளுக்காகவும் ஒரு ஈமாக்ஸை வளர்த்தார்கள். மியூல் என்று அதன் பெயர், பொதி சுமக்கும் கோவேறு கழுதை. 1997ல் வந்த 20ஆம் பதிப்பில் அது க்னூ ஈமாக்ஸோடு இணைந்தது. தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் முதல் நிரலை அதில் எழுதியவரும் ஒரு ஜப்பானியரே. 2009ல் 23ஆம் பதிப்பு உள்ளுக்குள் முழுக்க யூனிகோடுக்கு மாறியது, எழுத்தின் விளிம்புகளும் வழவழப்பாயின. 2020ல் வந்த 27ஆம் பதிப்பில் எழுத்துக் கோப்பை ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்திடம் ஒப்படைத்தார்கள். ஃபயர்ஃபாக்ஸிலும் ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் நம் தமிழைக் கோப்பதும் அதே ஹார்ஃப்பஸ்தான். பாரசீகத்தில் ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்தது. ஓபன்டைப் என்ற எழுத்துரு நுட்பத்தின் பெயரைப் பாரசீகத்தில் பெயர்த்து வைத்த பெயர் அது.

ஈமாக்ஸைத் திறந்து கண்ட்ரோல் எச், பிறகு எச் என்று தட்டிப் பாருங்கள். உலக மொழிகளில் வணக்கம் சொல்லும் ஒரு பக்கம் வரும். அதில் தமிழ் என்ற பெயரும் வணக்கம் என்ற சொல்லும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன.

எக்ஸ்-ஈமாக்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 21ஆம் பதிப்பு வந்தபிறகு அதன் தனிச்சிறப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஆள்களும் குறைந்தார்கள். 2009ல் வந்ததுதான் அதன் கடைசி நிலையான பதிப்பு. 2008ல் ஸ்டால்மனும் ஈமாக்ஸ் பராமரிப்பை அடுத்த தலைமுறையிடம் கொடுத்துவிட்டார். மெதுவாகப் போனவர்தான் கடைசியில் நிலைத்தார் என்பது உண்மை. ஆனால் முன்னால் ஒருவர் ஓடிக் காட்டியிராவிட்டால் அவர் அந்த வேகத்திலாவது நடந்திருப்பாரா என்பது சந்தேகமே.

பழைய பயனர்களின் குணம் ஒன்றும் சொல்ல வேண்டும். இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த கருவிப்பட்டையையும் மெனுவையும் தங்கள் அமைப்புக் கோப்பின் முதல் வரிகளிலேயே அணைத்துவிடுவார்கள். பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் விரல்களுக்கு எல்லாக் கட்டளையும் மனப்பாடம். புதிதாக வருகிறவருக்கு இந்தக் கருவியில் என்னென்ன உண்டு என்று சொல்ல அந்த மெனுவை விட்டால் வேறு நாதியில்லை. ஸ்டால்மனே 2013ல் ஒரு குறை சொன்னார். ஈமாக்ஸ் அச்சுப்பக்கம் போலவே திரையில் காட்டும் ஆவணத் தொகுப்பானாக வளர வேண்டும் என்பது தன் இருபத்தைந்தாண்டு விருப்பம், அதற்காகத்தான் 19ஆம் பதிப்பில் எழுத்துப் பண்புகளைச் சேர்த்தோம், இன்னும் நடக்கவில்லையே என்று. சிவப்பு மை எழுத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அவர் ஏன் பிடிவாதம் பிடித்தார் என்பது அப்போதுதான் பலருக்கும் விளங்கியிருக்கும்.

2025 பிப்ரவரியில் வந்த 30ஆம் பதிப்பு ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஓடுகிறது. கைபேசியின் விசைப்பலகையில் கண்ட்ரோல் விசை கிடையாது. கண்ட்ரோல் இல்லாத ஈமாக்ஸ் என்றால் உப்பில்லாத சமையல். அதற்கு அவர்கள் கண்ட வழி, கண்ட்ரோலையும் அதன் கூட்டாளி விசைகளையும் பொத்தான்களாக்கித் திரையில் ஒரு பட்டையாக வைப்பது. பழையவர்கள் அணைத்து வைத்திருந்த அதே கருவிப்பட்டையின் பக்கத்தில்தான் அந்தப் பொத்தான்கள் வருகின்றன. கட்டைவிரலுக்கு எட்டவில்லை என்றால் கருவிப்பட்டையைத் திரையின் அடியிலும் வைத்துக்கொள்ளலாம்.